ஸ்பீடு சாரின் திரைக் கணக்கு

ஒரு வீட்டுக்கு எவ்வளவு இணைய வேகம் வேண்டும் என்று சொல்வதற்கு இந்தக் காலத்தில் ஆளுக்கா பஞ்சம்? ஆனாலும் ஸ்பீடு சார் ஒரு வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தால், அவர் மட்டும் அன்றைக்கு வராமல் போயிருந்தால் அந்தக் குடும்பமே நடுத்தெருவில் நின்றிருக்கும் என்றுதான் தோன்றும். வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். தண்ணீர் கொடுத்தால் கையமர்த்திவிடுவார், ஏதோ அறுவை சிகிச்சைக்கு வந்த டாக்டர் மாதிரி. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்.

"வீட்ல மொத்தம் எத்தனை திரை?"

அவர் வேலை பார்த்த இணையக் கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த அட்டையில் 'வீட்டுத் தேவை மதிப்பீட்டாளர்' என்று இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் என்று ஆபீசில் 'ஸ்பீடு சார்' என்று வைத்துவிட்டார்கள். ஒரு கையெழுத்துப் போட ஒரு வாரம் எடுத்துக்கொள்பவர் என்பதுதான் அந்தப் பெயருக்கு உண்மையான காரணம். சாருக்கு அது தெரியாது. தன் துறையறிவுக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போனில்கூட, "ஸ்பீடு சார் பேசறேன்" என்று தன்னைத் தானே சார் போட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

ஒருமுறை ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு மதிப்பீடு செய்யப் போனார். டாக்டர் பாவம், நல்ல மனிதர். "எத்தனை பேர்னு கேக்கமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"ஆளா சார் டேட்டா சாப்பிடுது? திரைதான சாப்பிடுது!" என்றார் சார். "சாதாரணப் படம்னா மூணு எம்பி. ஹெச்டின்னா அஞ்சு. ஃபுல் ஹெச்டின்னா எட்டு வரைக்கும் போகும். பெரிய டிவில ஃபோர்கே பாக்கறீங்கன்னா இருபத்தஞ்சு."

"அப்போ எல்லாத்தையும் கூட்டிக்கணுமா?"

"அங்கதான் ஜனங்க கோட்டை விடறாங்க." சாருக்கு இந்த இடம் வந்துவிட்டால் முகத்தில் ஒரு களை வந்துவிடும். "ஒரே நேரத்துல எத்தனை திரை ஓடுமோ அதை மட்டும் கூட்டணும். சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில உக்காருவீங்க இல்ல, அதுதான் உச்ச நேரம். அந்தக் கணக்குக்கு மேல கால் பங்கு சேத்து வைக்கணும். சுவர் கொஞ்சம் தின்னும், பழைய ரவுட்டர் கொஞ்சம் தின்னும், போனெல்லாம் தானா அப்டேட் பண்ணிக்கும். எதையும் மொட்டையா வாங்கக்கூடாது சார்."

கணக்கைக் குறை சொல்ல முடியாது, சரியான கணக்குதான். அதைச் சொல்லிக்கொடுத்தது கம்பெனி, பாடம் பண்ணிக்கொண்டது சார். அவருடைய சொந்தச் சரக்கு என்று பார்த்தால், அந்தக் கணக்கைக் கேட்பவனை அடிமுட்டாளாக உணரவைக்கும் தொனி ஒன்றுதான். பல் டாக்டர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். தினமும் ஊரார் வாயைப் பிளக்கவைத்தவருக்கு அன்றைக்கு அந்த நிலைமை.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் உள்ளதெல்லாம் வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிற படம். வீட்டிலிருந்து வெளியே போகிற படத்துக்கும் ஒரு வழி வேண்டும், அந்த வழி பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையாகத்தான் இருக்கும் என்பதெல்லாம் சாருக்குத் தெரியாததல்ல. பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் வாடிக்கையாளர் யாரும் அதைக் கேட்பதில்லை, கம்பெனி அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. நாளாக ஆக, மனிதர் என்றாலே உட்கார்ந்து பார்க்கிறவர் என்று சாருக்கு மனதில் படிந்துவிட்டது. எதையாவது அனுப்புகிறவர் என்று ஒருவர் வீட்டில் இருக்கக்கூடும் என்ற யோசனையே அவருக்கு வருவதில்லை.

தன் வீட்டுக்கும் அவர்தான் மதிப்பீடு செய்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள், பதில் சொன்னால் கணக்கு கெட்டுப்போகும். கூடத்தில் இருந்த பெரிய டிவிக்கு இருபத்தைந்து. அதில் அவர் சிங்கம் மானைத் துரத்துவதைப் பார்ப்பார், மானின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் ஈகூடத் தெரிய வேண்டும் அவருக்கு. கல்லூரியில் படிக்கும் மகளின் போனுக்கு ஐந்து. தன் போனுக்கு ஐந்து. மனைவியின் மடிக்கணினிக்கு மூன்று. கூட்டிக் கால் பங்கு சேர்த்தால் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஊழியர்களுக்கென்று கம்பெனி சலுகையில் கொடுத்த இணைப்பும் சரியாக ஐம்பதுதான். சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே இணைப்பில் வெளியே அனுப்புவதற்கு நாலே நாலு எம்பிதான் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தையெல்லாம் படிப்பவர் சார் இல்லை.

"எனக்கு ஏன் மூணு?" என்று மனைவி அப்போதே கேட்டாள்.

"நீ என்ன, உங்கப்பாகிட்ட பேசுவே. சத்தமே இல்லாத காலுக்கு என்ன பெரிய டேட்டா ஆகப்போகுது?"

சாருடைய மாமனாருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வேறு ஊரில், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியாருக்கும் கேட்காது, அந்த அம்மா இப்போது இல்லை. இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே பெண் வாய் திறந்து பேசுவதற்கு முன்னால் கையால் பேசக் கற்றுக்கொண்டவள். அவளுக்குத் தாய்மொழி என்றால் சைகைதான். தினமும் வீடியோ காலில் அப்பாவும் மகளும் அரட்டை அடிப்பார்கள், சிரித்துக்கொள்வார்கள், சண்டையும் போடுவார்கள். வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. சத்தம் இல்லாததால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சார் முடிவு கட்டிவிட்டார்.

ஆபீசில் எவனாவது கேட்டிருந்தால் சரியாகப் பதில் சொல்லியிருப்பார். வீடியோ காலில் குரலுக்கு ஆவது ஒரு சிட்டிகை, மீதியெல்லாம் படத்துக்குத்தான் என்று புட்டுப்புட்டு வைத்திருப்பார். கண்ணாலேயே கேட்கிற மனிதருக்குத்தான் படம் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள மதிப்பீட்டாளர் அட்டைகூட வேண்டாம். ஆனால் வீட்டு வாசற்படி ஏறியதும் சாருக்கு அந்த அறிவெல்லாம் எங்கேயோ போய்விடும். மனைவி வீட்டார் என்றால் அவருக்கு அவ்வளவு இளக்காரம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் மாமனாரோடு பேச அவர் கற்றுக்கொண்ட சைகை ஒன்றே ஒன்று, 'சாப்பிட்டாச்சா' என்பது. அதையும் தப்பாகச் செய்வார். மாமனார் ஒவ்வொரு முறையும் புரிந்துகொண்டதாகத் தலையாட்டுவார்.

இதற்கு நடுவில் ஒரு கேமரா வந்து சேர்ந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி அவர்கள் வீடு. ஒருநாள் வாசலில் விட்டிருந்த சாருடைய செருப்பில் ஒன்றைக் காணவில்லை. கீழ்வீட்டு நாய்க்குட்டி கவ்விக்கொண்டு போனதை மகளே பார்த்திருந்தாள், சொல்லவும் சொன்னாள். சார் நம்பவில்லை. தன்னுடைய செருப்பு என்பதால் அதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கும் என்று நினைத்தார். மறுவாரமே செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தபடி ஒரு கேமராவைப் பொருத்தி, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் அதை வைத்து, அது எடுக்கும் படமெல்லாம் இரவு பகலாகக் கேமரா கம்பெனியின் சேமிப்புக்குப் போகும்படி செய்தார். திருடன் ஒற்றைச் செருப்பை மட்டும் ஏன் எடுப்பான் என்று அவர் யோசிக்கவே இல்லை.

மனைவி அதுவரை ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்ச் சைகை மொழிபெயர்த்துக் கொடுத்துவந்தாள். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அந்த வருஷம் ஒரு நிறுவனம் புதிதாக ஒன்றைத் தொடங்கியது. காது கேளாத நோயாளி ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார், மொழிபெயர்ப்பவர் தன் வீட்டிலிருந்தே திரை வழியாக இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பார். நிரந்தர வேலை. அவளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இன்னொன்று அமையப்போவதில்லை. அவளுடைய அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் தனக்கு என்ன வலி என்று யாருக்கும் சொல்ல முடியாமல் இருந்து போய்ச்சேர்ந்தவள். அந்த வேலை தனக்கு வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். வாய்விட்டு எதையும் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வீடியோ காலில் வைத்த முதல் தேர்வு ஊற்றிக்கொண்டது. சார் வேலை முடிந்து வந்தபோது அவள் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"விரல் பாதியில நிக்குதாம். முகம் கட்டம் கட்டமா உடையுதாம். மாத்திரை ஒண்ணா ரெண்டான்னே தெரியலன்னுட்டாங்க. இன்னொரு தடவை பாக்கறாங்களாம். அதுவும் இப்படியே போச்சுன்னா அவ்வளவுதான்."

"வெளிச்சம் பத்தலையா இருக்கும்" என்றார் சார்.

"ஜன்னல் பக்கம்தான் உக்காந்திருந்தேன்."

"அப்போ நீ வேகமா கையை ஆட்டியிருப்பே. கொஞ்சம் மெதுவா ஆட்டேன்."

"டாக்டர் மெதுவா பேசுவாராங்க?"

சார் போனை எடுத்து வேகத்தை அளந்து காட்டினார். முள் விர்ரென்று போய் ஐம்பதில் நின்றது. "பாத்துக்கோ. கண்ணாலயே பாத்துக்கோ. ஊர்ல எவன் வீட்லயும் இவ்வளவு சுத்தமா வராது. லைன்ல குறையே இல்ல." ஐம்பதுக்குக் கீழேயே வெளியே போகும் வேகமும் வந்து நின்றது. அது ஒன்றைக்கூடத் தொடவில்லை. போனைப் பிடித்திருந்த சாருடைய கட்டைவிரல் அதன்மேல்தான் இருந்தது.

சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆள் அவள் இல்லை. ஆனால் வேறு எங்கே தப்பு என்றும் தெரியவில்லை. சுவரில் கருநீலத் துணியைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். மடிக்கணினி வைத்திருந்த இஸ்திரி மேஜையைக் கூடத்துக்கும் அறைக்கும் மாற்றி மாற்றி இழுத்தாள். சட்டையை மாற்றினாள். அப்பாவைக் கூப்பிட்டு ஒவ்வொரு தடவையும் தெரிகிறதா என்று கேட்டாள். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார்.

அப்புறம் ஒருநாள் காலையில் படிக்கட்டு விளக்குகளைப் பழுது பார்க்க எலெக்ட்ரீஷியன் வந்தார். படிக்கட்டுப் பக்கத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினார். வாசல் கேமராவுக்கும் அந்த வழியாகத்தான் மின்சாரம். அந்த நேரம் பார்த்து மனைவி தன் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். பெரியவர் திடீரென்று திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து, இன்றைக்கு உன் மோதிரம்கூடத் தெரிகிறதே என்றார். வேலை முடிந்து எலெக்ட்ரீஷியன் மின்சாரத்தைப் போட்டதும் படம் பழையபடி உடைந்தது. அவள் எழுந்து போய்க் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினாள். படம் தெளிந்தது. மாட்டினாள். உடைந்தது. விஷயம் அவ்வளவுதான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னாள். சார் கையைக்கூட நிறுத்தவில்லை.

"கேமரா எப்படிம்மா கணக்குல வரும்? அது திரையே இல்லையே!"

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா, அது நாம பாக்கற படம் இல்ல, அனுப்பற படம். நம்ம வீட்டு லைன்ல வெளிய போறதே நாலு எம்பி. அது முழுக்க நம்ம செருப்பு ஸ்டாண்டுதான் ஃபுல் ஹெச்டில போய்க்கிட்டிருக்கு. மிச்சம் மீதி இருந்தாதான் அம்மாவுக்கு."

சாருக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. விளங்கியதுதான் சிக்கலே. ஊர் முழுக்க அளந்து கொடுத்தவர் சொந்த வீட்டை அளக்கத் தெரியாமல் கோட்டை விட்டார் என்று ஆகிவிடும். மனைவியின் வேலையா, தன் கணக்கின் மானமா என்று வந்தபோது சார் துளிக்கூடத் தடுமாறவில்லை.

"செக்யூரிட்டின்னா என்னன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?" என்றார்.

"படத்தோட தரத்தையாவது குறைச்சு வைங்க" என்றாள் மனைவி.

"குறைச்சா திருடன் மூஞ்சி தெரியாது."

"சரி, என் டெஸ்ட் நேரத்துக்கு மட்டும் அணைச்சு வைங்க. அது போதும்."

"அந்த நேரம் பாத்துதான் வருவான்."

"எவன்?"

"எவனோ! வரமாட்டான்னு நீ எழுதித் தருவியா?" சார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பாக்கலாம். யோசிச்சு சொல்றேன்."

சார் ஒரு விஷயத்தைப் பற்றி 'பாக்கலாம்' என்று சொல்லிவிட்டால் அதைக் குழி தோண்டிப் புதைத்தாகிவிட்டது என்று அர்த்தம். மனைவி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று சார் நினைத்துக்கொண்டார். எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் தன் பக்கம்தான் நியாயம் என்பது அவருடைய எண்ணம்.

தேர்வு நாளன்று காலையில் அவர் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். "இன்னைக்குத்தாங்க" என்றாள். "ம்" என்றார் சார், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அன்று அவர் போனது புதிதாகக் குடிவந்த ஒரு ஜோடியின் வீட்டுக்கு. சாமான்கள் இன்னும் அட்டைப்பெட்டியில் இருந்தன. சார் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, திரைக் கணக்கை ஆரம்பித்து, "அங்கதான் ஜனங்க கோட்டை விடறாங்க" என்ற இடத்துக்கு வந்திருந்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. 'வாசல் கேமரா தொடர்பில் இல்லை' என்று வந்திருந்தது.

சார் வெலவெலத்துப் போனார். அந்த ஜோடியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழியெல்லாம் கதவை உடைக்கும் முகமூடிக்காரர்கள்தான் அவர் கண்முன்னால் வந்தார்கள். உள்ளே மனைவி இருக்கிறாளே என்ற நினைப்பும் வராமல் இல்லை. டிவிக்கு அடுத்தபடியாக வந்தது.

மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறினார். வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. செருப்புகளை எண்ணிப் பார்த்தார், எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தன. கேமராவின் பிளக் மட்டும் பிடுங்கப்பட்டு, ஒயர் அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. இவ்வளவு நேர்த்தியாகச் சுருட்டுகிற திருடன் உலகத்தில் கிடையாது. அப்போதுதான் சாருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. திருடன் வந்திருந்தால்கூட மன்னித்திருப்பார், அவருடைய கணக்கை மெய்ப்பித்தவன் என்று.

சாவியால் கதவைத் திறந்து நேராக அறைக்குள் போனார்.

கருநீலத் துணிக்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில், இஸ்திரி மேஜையின்மேல் மடிக்கணினியை வைத்து அவள் உட்கார்ந்திருந்தாள். திரையில் இரண்டு பேர். நரைத்த தலையோடு ஓர் அம்மாள், அவர்தான் தேர்வை நடத்துகிறவர். பக்கத்தில் நோயாளியாக நடிக்கிற ஒரு கண்ணாடிக்காரர். இரண்டு பேருக்கும் காது கேட்காது. டாக்டரின் குரல் மட்டும் பதிவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாத்திரையை எப்போது போடுவது என்று அது சொல்லி நிறுத்தியிருந்தது.

"யாரக் கேட்டு கேமராவைப் புடுங்கினே?" என்று கத்தினார் சார்.

அவள் திரும்பவில்லை. ஒரு நொடி தோள் விறைத்தது, அப்புறம் கைகள் ஆடின. திரையில் இருந்தவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள்.

"நான் பேசிக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு அங்க கையை ஆட்டிக்கிட்டிருக்கே! நான் என்ன மனுஷனா மரமா?"

கைகள் அதற்கும் ஆடின.

"உனக்கு மூணு எம்பி போதும்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? என்ன பெரிய டெஸ்ட்டு இது? காது கேக்காதவங்களுக்குப் படம் கொஞ்சம் உடைஞ்சா என்ன, குடியா முழுகிப்போயிடும்? இவங்களுக்கு இது போதாதா?"

இந்தத் தடவை கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. அதற்கப்புறம் முன்னைவிட நிதானமாக, ஒவ்வொரு விரலாக, முழுவதையும் சொல்லி முடித்தாள். கண்ணாடிக்காரர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நரைத்த தலை அம்மாளின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் கை ஒருமுறை அசைந்தது.

"நீங்க யாரு?" என்றாள் மனைவி, திரையைப் பார்த்தபடியே.

சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரா? கட்டின புருஷனைப் பாத்து யாருன்னா கேக்கறே?"

கைகள் ஆடின. முதல் தடவையாக அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"நான் கேக்கலங்க. அந்த மேடம் கேக்கறாங்க. இந்த அறையில யார் எது பேசினாலும் அவங்களுக்கு நான் அப்படியே மாத்திச் சொல்லியாகணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதான் இந்த வேலை. நீங்க உள்ள வந்ததுலேருந்து பேசினது எல்லாத்தையும் சொல்லியாச்சு." இதைச் சொல்லும்போதே கைகளாலும் சொன்னாள்.

"எல்லாத்தையுமா?" என்றார் சார். அதுவும் திரைக்குப் போய்ச் சேர்ந்தது.

வேறொருவராக இருந்தால் அப்படியே பின்வாங்கி வெளியே போயிருப்பார். கொஞ்சம் சுரணை உள்ளவர் மன்னிப்புக் கேட்டிருப்பார். சார் என்ன செய்தார் தெரியுமா? ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். முகத்தில் வாடிக்கையாளர் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. மேஜைக்கு அருகில் வந்து குனிந்து, தன் முகம் படத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"வணக்கம் மேடம். நான் வீட்டுத் தேவை மதிப்பீட்டாளர். இந்த லைனை அளந்து போட்டதே நான்தான். சின்னதா ஒரு குழப்பம், வேற ஒண்ணும் இல்ல."

அவள் தன் கோபம் எதையும் காட்டாமல் அதையும் மாற்றிச் சொன்னாள். நரைத்த தலை அம்மாள் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்புறம் அந்த அம்மாள் திரைக்கு நேராகத் திரும்பிக் கையை அசைக்க, மனைவி அதைக் குரலாக்கினாள்.

"தேர்வு முடிஞ்சுது. இதுக்கு மேல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. உங்களைப் பத்தி இவ்வளவு மோசமா ஒருத்தர் பேசும்போதும், எங்களைப் பத்திப் பேசும்போதும், நீங்க ஒரு சொல்லை விடல. ஒரு சொல்லைப் பூசி மெழுகல. எங்களுக்கு ஆஸ்பத்திரியில இதுதான் வேணும். அடுத்த வாரம்... அடுத்த வாரம் வந்து சேந்துக்கங்க."

தன்னைப் பற்றிய பாராட்டைத் தன் வாயாலேயே சொல்லவேண்டியிருந்ததில், கடைசியில் அவள் குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை போனது, துடைக்காமல் நன்றி சொல்லத் திரும்பியது. அவளுடைய வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம் அது. பக்கத்தில் நின்ற மனிதர் அதைப் பார்த்தாரா என்றால், இல்லை. அவருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது.

"படம் எப்படி வந்துச்சுன்னு கேளு" என்றார். "கட்டாகாம வந்துச்சான்னு கேளு."

அவள் கேட்டாள். நரைத்த தலை அம்மாள் சாரை உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார்.

"ஒவ்வொரு விரலும் தெரிஞ்சுது. நீங்களும் ரொம்ப நல்லாத் தெரிஞ்சீங்க சார்."

"ரொம்ப நன்றி மேடம்" என்றார் சார், முகமெல்லாம் மலர்ந்து. அந்த ஜோடியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வர, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

பாதிப் படிக்கட்டு இறங்கிய பிறகுதான் அந்த அம்மாள் சொன்னதன் அர்த்தம் அவருக்கு உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். திரும்ப மேலே ஏறிப்போய் ஏதாவது சொல்லிவிட்டு வரலாமா என்று பார்த்தார். என்ன சொன்னாலும் அதை அவள் அப்படியே அவர்களிடம் சொல்லிவிடுவாள்.